1989க்குப் பின் ஆட்சிக்கு வந்த போலந்து அறிவுஜீவிகள் ஏன் மக்கள் ஆதரவை இழந்தார்கள்?

பொருநை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிச ஆட்சிகள் வீழ்ந்த பிறகு அங்கிருந்த எழுத்தாளர்களும் வரலாற்றாசிரியர்களும் தத்துவ அறிஞர்களும் அரசியலில் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றிப் படித்து வருகிறேன். போலந்தைப் பொறுத்தவரை ஒரு கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. இங்கே விவரம் அறிந்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

1989 ஆகஸ்ட் 24 அன்று போலந்து நாடாளுமன்றம் ததேயுஷ் மசோவியெட்ஸ்கியைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. சோவியத் முகாமில் இருந்த ஒரு நாட்டில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கம்யூனிஸ்ட் அல்லாத ஒருவர் அரசுக்குத் தலைமை ஏற்றார். அவர் கத்தோலிக்க மாத இதழ் ஒன்றை நீண்ட காலம் நடத்திய பத்திரிகையாசிரியர். நாடாளுமன்றத்தில், கம்யூனிச ஆட்சியை எதிர்த்த சுயேச்சைத் தொழிற்சங்க இயக்கமான சாலிடாரிட்டியின் உறுப்பினர்களை வழிநடத்திய ப்ரோனிஸ்வாவ் கெரெமெக், இடைக்காலப் பாரிஸ் நகரத்து ஏழைகளையும் ஒதுக்கப்பட்டவர்களையும் ஆராய்ந்த வரலாற்றாசிரியர். தொழிலாளர் துறை அமைச்சரான யாட்செக் குரோன் பழைய ஆட்சியில் பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர். ஆதம் மிக்னிக் கசெட்டா விபோர்ச்சா நாளிதழின் ஆசிரியராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது இந்த நால்வருமே பிடித்து அடைக்கப்பட்டவர்கள். ஒரு நாட்டின் சிந்தனையாளர்கள் இவ்வளவு நற்பெயரோடு அதிகாரத்துக்கு வந்த நிகழ்வுகள் வரலாற்றில் மிகக் குறைவு.

ஆனால் 1990 நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் மசோவியெட்ஸ்கிக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 18 விழுக்காடு வாக்குகளே. சாலிடாரிட்டியின் தலைவர் லெக் வலேசா 40 விழுக்காடு பெற்று முதலிடத்தில் வந்தது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் இடத்தை 23 விழுக்காட்டுடன் ஸ்தானிஸ்வாவ் திமின்ஸ்கி பிடித்தார். அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த தொழிலதிபர். சில வாரங்களுக்கு முன்வரை அவரைப் போலந்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. 2001இல் இவர்களுடைய கட்சி ஏறத்தாழ 3 விழுக்காடு வாக்குகளுடன் நாடாளுமன்றத்தின் கீழவையிலிருந்தே வெளியேறியது.

எதிர்ப்பதற்குத் தகுதியானவர்கள் ஆள்வதற்குத் தகுதியற்றவர்களாக இருந்தார்களா? அந்தப் பொருளாதார நெருக்கடியில் யார் இருந்திருந்தாலும் இதே கதிதானா? அல்லது இவர்கள் செய்த தவறு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியுமா? "அறிவாளிகளுக்கு அரசியல் ஒத்துவராது" என்ற பொதுப்பேச்சைத் தவிர்த்து, நடந்தவற்றை வைத்து விடையளிக்க வேண்டுகிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

பொருநை அவர்களுக்கு வணக்கம். இந்தக் கேள்விக்கான விடையை 1989இலிருந்து தேடினால் கிடைக்காது. 1976இலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. மிக்னிக், குரோன் போன்றவர்களின் சொல்லுக்கு மக்களிடம் மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அது எப்படிப் போயிற்று என்பது விளங்கும்.

1968 மார்ச்சில் வார்சா பல்கலைக்கழக மாணவர்கள் அடிவாங்கியபோது தொழிலாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். 1970 டிசம்பரில் பால்டிக் கடற்கரை நகரங்களில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அறிவுஜீவிகள் பெரும்பாலும் வாய்மூடி இருந்தார்கள். ஒருவர் துயரத்தில் மற்றவர் வராத இந்தப் பிளவுதான் ஆட்சிக்குப் பெரும் பலமாக இருந்தது. 1976 ஜூனில் இறைச்சி, சர்க்கரை விலைகளை அரசு கடுமையாக உயர்த்தியபோது வார்சாவை அடுத்த உர்சுஸ் டிராக்டர் ஆலைத் தொழிலாளர்கள் ரயில் பாதையை மறித்தார்கள். ராடோம் நகரில் கட்சி அலுவலகம் எரிந்தது. விலை உயர்வை அரசு உடனே திரும்பப் பெற்றது, ஆனால் தொழிலாளர்களை விடவில்லை. காவலர்கள் இரண்டு வரிசையாகத் தடியுடன் நிற்க, பிடிபட்டவர்களை நடுவில் ஓடவிட்டு இருபுறமும் அடித்தார்கள். அந்த வரிசைக்கு "உடல்நலப் பாதை" என்று பெயரும் வைத்திருந்தார்கள். பலர் வேலை இழந்தார்கள், பலர் சிறைக்குப் போனார்கள்.

அந்தக் கோடையில் உர்சுஸ் தொழிலாளர்கள் மீதான வழக்கு நடந்த நீதிமன்றத் தாழ்வாரங்களுக்கு வார்சாவின் இளம் அறிவுஜீவிகள் சென்றார்கள். முன்பின் தெரியாத இவர்களை ஐயத்தோடு பார்த்த குடும்பத்தினரிடம் பேசி, யாருக்கு வழக்கறிஞர் வேண்டும், எந்த வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். செப்டம்பரில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு பிறந்தது. அதன் முதல் அறிக்கையிலேயே உறுப்பினர்கள் தங்கள் பெயருடன் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டிருந்தார்கள் என்பதை இன்றைய வாசகர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரகசியக் காவல்துறைக்கு அஞ்சாமலிருப்பதற்கு ஒரே வழி எதையும் மறைக்காமலிருப்பதுதான் என்ற துணிவு அது. 1980 ஆகஸ்டில் கிடான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது மசோவியெட்ஸ்கியும் கெரெமெக்கும் அறிவுஜீவிகளின் வேண்டுகோள் கடிதத்துடன் அங்கே போனதும், வலேசா அவர்களை ஆலோசகர்களாகத் தங்கச் சொன்னதும், ஆகஸ்ட் 31 உடன்படிக்கையில் அவர்களுடைய பங்கு இருந்ததும் இந்த உறவின் தொடர்ச்சியே.

இப்போது 1990 ஜனவரிக்கு வாருங்கள். சந்தைப் பொருளாதாரத்துக்கு ஒரே பாய்ச்சலில் மாறுவதற்காக நிதியமைச்சர் லெஷெக் பால்செரோவிச் வகுத்த திட்டத்துக்கான சட்டங்கள் 1989 டிசம்பர் இறுதியில் சில நாட்களுக்குள் நிறைவேறி, ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தன. அந்த ஒரு மாதத்தில் மட்டும் விலைவாசி ஏறத்தாழ 80 விழுக்காடு உயர்ந்தது. அதே நேரத்தில் அரசு ஆலைகள் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஊதியத்தை உயர்த்தினால் தண்டனை போன்ற வரி விதிக்கப்பட்டது. பணவீக்கத்தை அடக்கும் கருவிகளில் முதன்மையானது, தொழிலாளியின் ஊதியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறாமல் தடுப்பதாகவே இருந்தது. பதிவேட்டில் இல்லவே இல்லை எனும்படி இருந்த வேலையின்மை 1993 இறுதியில் 16 விழுக்காட்டைத் தாண்டியது. உர்சுஸ் ஆலையும் கடனில் மூழ்கிச் சுருங்கத் தொடங்கியது. எந்த ஆலையின் தொழிலாளர்களுக்காக இவர்கள் நீதிமன்றத் தாழ்வாரங்களில் காத்து நின்றார்களோ, அதே ஆலைதான்.

திட்டமே வேண்டியதில்லை என்று நான் வாதிடவில்லை. 1976இல் வீடு தேடிச் சென்றவர்கள் 1990இல் செல்லவில்லை என்பதே நான் சுட்டும் தவறு. அமைச்சரவையிலும் நாடாளுமன்றத்திலும் நாளிதழின் ஆசிரியர் அறையிலும் அவர்களே இருந்தார்கள். "எங்கள் ஆலை என்ன ஆகும்?" என்று கேட்ட தொழிலாளியின் குரலைப் பழைய ஆட்சியின் பழக்கதோஷம் என்றும், வெற்று ஆரவார அரசியலுக்கு இரையாகும் அறியாமை என்றும் அவர்களில் பலர் எடுத்துக்கொண்டார்கள். பொருளாதாரம் விவாதத்துக்கு இடமில்லாத அறிவியல் விதி போல முன்வைக்கப்பட்டதால், அடிபட்டவர்கள் தங்கள் கோபத்தைச் சொல்வதற்கு வேறு மொழிகளைத் தேடிக்கொண்டார்கள். திமின்ஸ்கி அவற்றில் முதலாவது.

இந்த எச்சரிக்கையைச் சொன்னவர்களும் அந்த வட்டத்திலேயே இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1960களில் குரோனுடன் சேர்ந்து கட்சிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிச் சிறை சென்றவரும், சாலிடாரிட்டி என்ற பெயரை முன்மொழிந்தவருமான கரோல் மொட்செலெவ்ஸ்கி தொடக்கத்திலிருந்தே இந்தப் பாதையை எதிர்த்தார். மொத்தம் எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவர், முதலாளித்துவத்துக்காக என்றால் ஒரு மாதம்கூடச் சிறையில் இருந்திருக்க மாட்டேன் என்ற பொருள்படப் பிற்காலத்தில் கூறினார். அவர் பேச்சுக்கு அன்று காது கொடுத்தவர்கள் குறைவு. 1995இல் அவர்களுடைய கட்சி மசோவியெட்ஸ்கியை விலக்கிவிட்டுப் பால்செரோவிச்சையே தலைவராகத் தேர்ந்தெடுத்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இலுப்பைத்தோப்பு எழுதியது:

தெற்குவாசல் அவர்களின் பதில் உருக்கமானது. ஆனால் 1989 இலையுதிர்காலத்தில் அந்த அரசின் முன் என்ன இருந்தது என்பது அதில் இடம்பெறவில்லை. அக்டோபர் மாதத்தில் மட்டும் விலைகள் 50 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. வெளிநாட்டுக் கடன் 40 பில்லியன் டாலரைத் தாண்டியிருந்தது. கடைகளில் சரக்கு இல்லை. இருந்தாலும் பணத்துக்கு மதிப்பு இல்லை. ஊதியத்தைக் கட்டுப்படுத்தாமல் விலையை மட்டும் அவிழ்த்துவிட்டிருந்தால், ஏறிய ஊதியத்தை அடுத்த மாத விலையே விழுங்கியிருக்கும். அந்தப் பகுதியில் முதலில் வளர்ச்சிக்குத் திரும்பிய நாடு போலந்து, அதுவும் 1992இலேயே. மேலை அரசுகள் 1991இல் தாங்கள் கொடுத்திருந்த கடனில் பாதியைத் தள்ளுபடி செய்ய ஒப்புக்கொண்டதற்கும் இந்த அரசு ஈட்டிய நம்பகத்தன்மை ஒரு காரணம். செப்டம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தில் கொள்கை உரை ஆற்றும்போது மசோவியெட்ஸ்கிக்கு மயக்கம் வந்துவிட்டது. வெளியே சென்று திரும்பிய அவர், போலந்துப் பொருளாதாரம் இருக்கும் நிலைக்கே நானும் வந்துவிட்டேன், ஆனால் நான் மீண்டுவிட்டேன், பொருளாதாரமும் மீளும் என்ற கருத்தில் பேசியபோது அவையே கைதட்டியது. அந்த மனிதருக்குத் தொழிலாளிமீது அக்கறை இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

என் வாதத்துக்குச் செக்கோஸ்லோவாகியாவின் தலைநகரான பிராக் உதவும். அங்கே நாடகாசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான வாக்லாவ் ஹாவெலின் குழுவினர் பொருளாதாரத்தில் மென்மையான வழியையே விரும்பினார்கள். போலந்தில் நடந்தது போன்ற அதிர்ச்சி வைத்தியத்தை முன்னெடுத்தவர் நிதியமைச்சர் வாக்லாவ் கிளவுஸ். தெற்குவாசல் சொல்லும் காரணம் சரியென்றால் கிளவுஸ் தோற்று மற்றவர்கள் வென்றிருக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ்.

1989 நவம்பர் 19 இரவு நாடக அரங்கு ஒன்றில் ஹாவெலும் நண்பர்களும் தொடங்கிய குடிமக்கள் மன்றம், 1990 ஜூன் தேர்தலில் செக் பகுதியில் ஏறத்தாழப் பாதி வாக்குகளைப் பெற்றது. கட்சிகள் கட்சிக்காரர்களுக்கு, மன்றமோ எல்லோருக்கும் என்பதே அவர்களுடைய தேர்தல் முழக்கம். கட்சி என்ற அமைப்பின்மீது அவர்களுக்கு இருந்த வெறுப்பு நாற்பதாண்டுக் கால அனுபவத்தில் விளைந்தது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் கட்சி இல்லாமல் அடுத்த தேர்தலைச் சந்திக்க முடியாது என்பதைக் கிளவுஸ் புரிந்துகொண்டார். மாவட்டம் மாவட்டமாகச் சென்று உள்ளூர்க் கிளைகளில் ஆதரவு திரட்டி, 1990 அக்டோபரில் ஹாவெலின் ஆதரவு பெற்ற வேட்பாளரைத் தோற்கடித்து மன்றத்தின் தலைவரானார். 1991இல் மன்றம் பிளந்தது. கொதிகலனுக்கு நெருப்பிடும் வேலை பார்த்துக்கொண்டிருந்த நிலையிலிருந்து வெளியுறவு அமைச்சராகி, ஆஸ்திரிய எல்லையின் முள்வேலியைத் தன் கையால் வெட்டிய யிர்ஷி டீன்ஸ்ட்பியர் தலைமையில் பழைய எதிர்ப்பாளர்கள் ஓர் இயக்கத்தை அமைத்தார்கள். 1992 ஜூனில் அந்த இயக்கத்தால் 5 விழுக்காடு என்ற குறைந்தபட்ச வரம்பைக்கூட எட்ட முடியவில்லை. செக்கோஸ்லோவாகியக் கூட்டாட்சி பிளவை நோக்கிச் செல்ல, ஹாவெல் ஜூலையில் பதவி விலகினார். 1993இல் செக் குடியரசின் தலைவராக அவர் திரும்பி வந்தபோது அன்றாட ஆட்சி கிளவுஸின் கையில் இருந்தது. குடியரசுத் தலைவரின் சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பு இருந்தது, வரவுசெலவுத் திட்டத்தில் இடம் இல்லை.

வார்சாவிலும் பிராகிலும் பொதுவாக இருந்த குறை இதுதான்: ஊர்தோறும் ஆள் சேர்த்து, கூட்டம் நடத்தி, சலிப்பூட்டும் வேலைகளைச் செய்து கட்சி கட்டுவதைத் தங்கள் தகுதிக்குக் கீழானதாக அவர்கள் கருதினார்கள்.

கரிசல்காடு எழுதியது:

நண்பர்கள் இருவரும் அறிவுஜீவி என்றாலே மிக்னிக், ஹாவெல் போன்றவர்கள் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அதே ஆண்டுகளில் தெற்கே யூகோஸ்லாவியாவிலும் அறிவுஜீவிகள் அரசியலுக்கு வந்தார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். 1986இல் செர்பிய அறிவியல், கலைக் கழகத்தின் கல்வியாளர்கள் தயாரித்த வரைவு அறிக்கை, செர்பியர்கள் தொடர்ந்து வஞ்சிக்கப்படுகிறார்கள் என்ற மனக்குறைக்குக் கல்விப்புலத்தின் முத்திரையைக் கொடுத்தது. நாவலாசிரியர் தோப்ரித்சா சோசிச் 1992இல் எஞ்சிய யூகோஸ்லாவியாவின் தலைவரானார். குரோஷியாவின் குடியரசுத் தலைவரான துஜ்மன் வரலாற்றாசிரியர். பொஸ்னிய செர்பியர்களின் தலைவராக இருந்து, பின்னர் இனப்படுகொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ரதோவன் கராஜிச் மனநல மருத்துவர், கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவர். இவர்களுக்கு ஊர்தோறும் ஆதரவு இருந்தது. சாதாரண மக்களின் அச்சத்தையும் கோபத்தையும் இவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆகவே மக்களோடு நெருக்கமாக இருந்தார்களா என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால் நாம் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம்.

மசோவியெட்ஸ்கியின் பிந்தைய வாழ்க்கை இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1992இல் ஐக்கிய நாடுகள் அவை அவரை முன்னாள் யூகோஸ்லாவியாவில் மனித உரிமை நிலையைக் கண்டறியும் சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. பாதுகாப்பான பகுதி என்று ஐ.நா. அறிவித்திருந்த பொஸ்னிய நகரமான ஸ்ரெப்ரெனிட்சா 1995 ஜூலையில் வீழ்ந்து, ஆண்களும் சிறுவர்களுமாக எண்ணாயிரம் பேர் அளவில் கொல்லப்பட்டதையும், அடுத்து அதேபோல் அறிவிக்கப்பட்டிருந்த ஜெபா கைவிடப்பட்டதையும் கண்டித்து அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். காப்பாற்றுவோம் என்று வாக்களித்தவர்கள் கைவிட்ட பிறகு மனித உரிமைகளைப் பற்றி நம்பத்தகுந்த முறையில் பேச முடியாது என்பதே அவர் நிலைப்பாடு. தேர்தலில் 18 விழுக்காடு பெற்றுத் தோற்றவர் என்று மட்டும் அவரை மதிப்பிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. போலந்தின் 1997 அரசமைப்புச் சட்ட முகப்புரையில், கடவுளை நம்புவோரையும் அந்த நம்பிக்கையைப் பகிராமல் அதே விழுமியங்களை வேறு ஊற்றுகளிலிருந்து பெறுவோரையும் சம குடிமக்களாக ஒரே வாக்கியத்தில் இணைக்கும் பகுதியும் அவர் முன்மொழிந்த வரைவிலிருந்து வந்ததே. வாக்கு எண்ணிக்கையில் தோற்றவரின் வாக்கியத்துக்குள்தான் அந்த நாடு இன்றும் வாழ்கிறது.

பொருநை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கரிசல்காடு அவர்கள் சொன்ன யூகோஸ்லாவிய ஒப்பீடு என் கேள்வியிலேயே இருந்த ஒரு குறையைக் காட்டிவிட்டது. தெற்குவாசல் அவர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். 1976இல் வீடு தேடிச் சென்றவர்கள் 1990இல் செல்லவில்லை என்கிறீர்கள். குரோன் தொழிலாளர் துறை அமைச்சராகவே இருந்தாரே, அவருக்கும் இது பொருந்துமா? இலுப்பைத்தோப்பு அவர்களின் பிராக் வாதத்துக்கும் உங்கள் மறுமொழி தேவை.

தெற்குவாசல் எழுதியது:

பிராக் பற்றிய வாதம் வலுவானது, அதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செக் பகுதியில் 1990களின் முதல் பாதியில் வேலையின்மை மிகக் குறைவாகவே இருந்தது. கிளவுஸ் பேச்சில் காட்டிய கடுமையை ஆலைகளை மூடுவதில் காட்டவில்லை. எனவே அங்கே கட்சி அமைப்பு தேர்தலைத் தீர்மானித்தது. போலந்தில் அமைப்பு ஓரளவு இருந்தும் பயன்படவில்லை; 1991 தேர்தலில் மசோவியெட்ஸ்கியின் கட்சிதான் முதலிடம், ஆனால் சிதறிய களத்தில் அந்த முதலிடத்துக்குரிய வாக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. ஆலை நகரங்களிலும், அரசுப் பண்ணைகள் கலைக்கப்பட்டு ஊரே வேலை இழந்த வடக்கு மேற்குக் கிராமங்களிலும் அவர்களுடைய பேச்சு எடுபடவில்லை. 1993இல் பழைய கம்யூனிஸ்டுகளின் வழித்தோன்றல்களே தேர்தலில் வென்று ஆட்சிக்குத் திரும்பினார்கள்.

குரோனைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் விதிவிலக்கு, அதனால்தான் அவருடைய கதை மற்றவர்களுடையதைவிட வேதனை தருகிறது. அமைச்சராக இருந்தபோது தொலைக்காட்சியில் வாரந்தோறும் தோன்றி, கோட்டும் டையும் இல்லாமல், என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல விளக்கினார். வேலை இழந்தோருக்கான உதவித்தொகையை மக்கள் அவர் பெயராலேயே குரோனியுவ்கா என்று அழைத்தார்கள். அரசின்மீது கோபம் ஏறிக்கொண்டிருந்தபோதும் நாட்டில் மிகவும் நேசிக்கப்பட்ட அரசியல்வாதிகளில் ஒருவராக அவர் நீடித்தார். ஆனால் அந்த நேசம் வாக்காக மாறவில்லை. 1995 குடியரசுத் தலைவர் தேர்தலில் மூன்றாம் இடத்தில் வந்து 9 விழுக்காடு பெற்றார். நேர்மையான அந்த மனிதரின் முகம், தொழிலாளிகள் விரும்பாத ஒரு கொள்கைக்கு மென்மையான உறையாகப் பயன்பட்டது என்று மொட்செலெவ்ஸ்கி போன்ற பழைய தோழர்கள் கருதினார்கள். குரோனும் பிற்காலத்தில் அந்தச் சீர்திருத்தங்களையும் அவற்றில் தன் பங்கையும் கடுமையாக விமர்சித்து எழுதினார்.

எழுதியதோடு அவர் நிற்கவும் இல்லை. 2000களின் தொடக்கத்தில், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும், கிழக்கே பியாவோவியெஜா காட்டை ஒட்டிய தெரெமிஸ்கி என்ற சிற்றூரில், மேற்படிப்புக்கு வழியில்லாத ஏழைக் குடும்பத்து இளைஞர்களுக்காகத் தன் மனைவியுடன் சேர்ந்து ஒரு மக்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். கலைக்கப்பட்ட அரசுப் பண்ணைகள் இருந்த ஊர்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அந்த முயற்சி எடுக்கப்பட்டது. 2004 ஜூனில் அவர் இறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார். பொருநை அவர்கள் மேலும் படிப்பதாக இருந்தால், கம்யூனிஸ்ட் அரசுக்கும் சாலிடாரிட்டிக்கும் இடையே நடந்த 1989 வட்டமேசைப் பேச்சுவார்த்தைகளுக்கு அடுத்தபடியாக இந்தச் சிற்றூர்ப் பள்ளியைப் பற்றித் தேடிப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அரசியல் அதிகாரத்தை விட்டு வெளியே வந்த பிறகு அறிவுஜீவி ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு அந்தத் தலைமுறையில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு அதுதான்.